பதினேழாவது பாரில் எட்டாத சுண்டுவிரல்

கிளாசிக்கல் கிட்டார் வாசிக்க உட்காரும்போது இடது காலைச் சின்ன மணை ஒன்றின் மேல் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கிட்டாரின் இடுப்பு அந்தத் தொடையில் வந்து அமரும். வலது காலுக்கு வேலை ஒன்றும் இல்லை என்றுதான் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. அவற்றை எழுதியவர்கள் யாரும் சேலைத் தொட்டில் ஆட்டியிருக்க மாட்டார்கள். என் வலது கால் கட்டைவிரலில் தொட்டில் கயிறு கட்டியிருக்கும். எங்கள் கடைக் கயிறுதான். அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் என் கணவர் வீட்டார் கயிறும் சாக்கும் தார்ப்பாயும் விற்கிறார்கள். பத்து மாத மகள் காலை பத்தரைக்குக் கண் அசந்தால் பன்னிரண்டு வரை எனக்கு நேரம் உண்டு. அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பிய இசையை நான் கிட்டாருக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

எழுதிய எல்லாமே ஒரே வேகத்தில் இருப்பதைச் சில மாதங்கள் கழித்துத்தான் கவனித்தேன். அது தொட்டிலின் வேகம். துள்ளி ஆட வேண்டிய நடன இசைகூட என் கையில் கண்ணைச் சொருகிக்கொண்டு போனது.

இந்த வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு ஒழுங்காகச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. அந்தக் காலத்து லூட் என்ற வாத்தியத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று ஜோடிக் கம்பிகள்கூட இருக்கும். கீபோர்டு வகை வாத்தியமென்றால் பத்து விரலும் வேலை செய்யும். கிட்டாருக்கு ஆறே கம்பிகள். கம்பியை அழுத்த இடது கையில் நான்கே விரல்கள். பத்துப் பேர் பார்த்த வேலையை நாலு பேரிடம் கொடுத்துவிட்டு, ஒரு குறையும் தெரியக்கூடாது என்று சொல்வதுபோல. எட்டாத கீழ்ச் சுரத்தை மேலே தூக்கி வைக்கலாம். மொத்தப் பாட்டையும் வேறு சுருதிக்கு நகர்த்தலாம். அதற்கும் அடங்காததை விட்டுவிட வேண்டும். முதல் இரண்டையும் நான் நன்றாகவே செய்வேன். மூன்றாவதுதான் என் வியாதி. எழுதியவர் ஒரு சுரத்தை அங்கே வைத்தார் என்றால் காரணம் இல்லாமல் வைத்திருப்பாரா? அதை எடுக்க நான் யார்? திருச்சுழியில் பிறந்து, மதுரையில் கணக்கு எம்.எஸ்ஸி. படித்து, பிள்ளைக்கு மருந்து ஊற்றும்போது அரை மில்லி கூடிவிட்டதோ என்று பாட்டிலை மூன்று தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறவள். ஒரு சுரத்தை அடித்துவிட்டு, மறுநாள் காலை முதல் வேலையாக அதைத் திரும்ப எழுதுவேன். அப்படித் திரும்ப எழுதியவற்றை எண்ணினால் புதிதாக ஒரு பாட்டே தேறும்.

கிட்டாரை எனக்குப் பழக்கியது கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. அவளும் என் வயதுதான். அவளுக்குச் சர்ச்சில் பழக்கம். எனக்கு அவளிடம் பழக்கம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது என்னோடு இரண்டு பெட்டியும் ஒரு கிட்டாரும் வந்தன. சர்ச்சை வேதக்கோயில் என்றே சொல்லும் மாமியார் உறையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏத்தா, இது வேதக்கோயில்ல வாசிக்கிறதுல்ல?"

"இல்லத்தே, இது வேற. இது வந்து..." என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆமாத்தே" என்று முடித்தேன்.

அவர் அதோடு விட்டுவிட்டார். நான்தான் ஒரு வாரம், பொய் சொன்னோமோ என்று கிடந்தேன்.

மகள் பிறந்த நாலாவது மாதத்தில் என் இடது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது. கட்டைவிரலை மடக்கினால் முழங்கை வரைக்கும் சுரீர் என்று இழுக்கும். பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கி வருவது, பெற்றவர்கள் நிறையப் பேருக்கு வருவதுதான் என்றார் டாக்டர். பட்டை ஒன்று கட்டிவிட்டார். மாமியாருக்கு வேறு கருத்து.

"நானும் நாலு பெத்தேன். பிள்ளை தூக்கி எந்தக் கை வலிச்சது? அது கிட்டாரு வலித்தா. டாக்டர்ட்ட அதச் சொன்னியா?"

சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று மறுபடி போய்ச் சொன்னேன். டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார். சிகிச்சை மாறவில்லை.

வாசிப்பதை நிறுத்த முடியவில்லை; அதனால் ஒரு கேப்போவை மாட்டிக்கொண்டேன். கேப்போ என்பது துணி காயப்போடும் கிளிப்பின் பெரியண்ணன் மாதிரி. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே மாட்டினால் ஆறு கம்பிகளையும் சேர்த்து அழுத்திக்கொள்ளும். அதனால் இரண்டு காரியம் நடக்கும். கம்பி குட்டையாகி, சுருதி ஏறும். கழுத்தில் உடல் பக்கமாகப் போகப்போக ஃபிரெட் என்னும் குறுக்குக் கட்டைகளின் இடைவெளி குறுகிக்கொண்டே வருவதால் விரல்களை அகட்டுவதும் சுலபமாகும். லூட் இசையைக் கிட்டாரில் வாசிப்பவர்கள், பழைய வாத்தியத்தின் குரல் வரட்டும் என்று மூன்றாம் ஃபிரெட்டில் மாட்டிக்கொள்வது வழக்கம். ஆக எனக்கு வரலாற்றுக் காரணமும் இருந்தது, வைத்தியக் காரணமும் இருந்தது. மாட்டினேன். கழற்றவில்லை. ஒரு மாதம் கழித்து அது அங்கே இருப்பதே என் கண்ணில் படாமல் போயிற்று. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே தேடுவார்களே, அந்த ஜாதி.

அப்போதுதான் தோழி போன் செய்தாள். மதுரையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். அவள் சர்ச்சில் பிள்ளைகள் பாடகர் குழுவையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"ஏ புள்ள, அறுப்புப் பண்டிகைக்கு எனக்கு ஒரு பாட்டுக் குடுத்துட்டாக. கிட்டாருக்கு."

"பத்து வருஷமா வாசிச்சுக்கிட்டுத்தானடி இருக்க?"

"அது வாசிப்பா? ஜங்கு ஜக்குன்னு கம்பியத் தட்டுறது. ஆர்கன் வாசிக்கிறவரு கமிட்டியில என்ன சொன்னாருன்னு தெரியுமா? கிட்டாரு வாலிபர் கூட்டத்துக்குத்தான் லாயக்கு, ஆராதனைக்குச் சரிப்படாதுன்னாரு. நான் எந்திரிச்சுட்டேன். ஒரே ஒரு பாட்டு குடுங்க, ஆர்கன் பாட்டையே கிட்டாருல வாசிக்கிறேன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டாக."

"எந்தப் பாட்டு?"

"அதத்தான நீ எழுதித் தரப்போற?"

முடிவானது, ஆர்கனுக்கென்று ஒரு ஜெர்மன் கோயில் இசைக்காரர் எழுதிய பழைய துண்டு ஒன்று. பிள்ளைகள் பாட்டின் ஒரு வரியைப் பாடுவார்கள். அடுத்த வரிக்கு முன்னால் வாத்தியம் மட்டும் தனியே கொஞ்ச தூரம் நடக்கும். பாடும்போது வாத்தியம் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். சொதப்பினால் என்ன ஆகும் என்பதை அவளே சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவை போச்சுன்னா, சாகுற வரைக்கும் ஜங்கு ஜக்குதான்."

ஆறு வாரம் எழுதினேன். மூன்று பக்க இசை. அதோடு இரண்டு பக்கம் குறிப்பும் எழுதினேன், என் குணத்துக்கு. பன்னிரண்டாவது பாரில் வரும் அலங்காரச் சுழற்சியை மேல் சுரத்திலிருந்து தொடங்கலாமா, எழுதியிருக்கும் சுரத்திலிருந்தே தொடங்கலாமா என்று ஒரு பத்தி. இரண்டு நெட்டுக் கோடுகளுக்கு நடுவே வரும் துண்டைத்தான் பார் என்கிறோம். அந்த ஒரு துண்டுக்கு ஒரு பத்தி. வலது கையில் நகத்தை எவ்வளவு வளர்த்துக்கொள்வது என்று ஒரு பத்தி. வேர்வைக் கை என்றால் பவுடர் போட்டுக்கொள்ளலாம், ஆனால் வாசனைப் பவுடர் வேண்டாம் என்று ஒரு வரி. ஒவ்வொரு சுரத்துக்கும் எந்த விரல் என்று எண் போட்டேன். அனுப்பிய பிறகு, பவுடர் வரி அவளைப் புண்படுத்தியிருக்குமோ என்று போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

கேப்போவைப் பற்றி அந்த இரண்டு பக்கத்தில் ஒரு எழுத்து இல்லை.

அவள் கீபோர்டில் சுருதி பிடித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். ஒரு ஒத்திகையைப் பதிவு செய்து எனக்கு அனுப்பினாள். நான் கிட்டாரை எடுத்து அதோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தேன். சேரவில்லை. சேரவில்லை என்பதைவிட, இரண்டு பஸ் கண்டக்டர்கள் ஒரே நேரத்தில் வேறு வேறு ஊர் பெயரைக் கூவுவதுபோல் இருந்தது. உடனே போன் செய்தேன்.

"கீபோர்டுல சுருதி மாத்துற பட்டன் அமுங்கியிருக்கும், பாரு."

"பாத்துட்டேன். இல்ல."

"அப்ப பிள்ளைக இறங்கிப் பாடுறாக."

"நாப்பது பிள்ளையும் ஒண்ணுபோலவாடி இறங்கும்?"

"கவனிச்சுக்கோ" என்றேன். இதை எழுதும்போது என் காது சுடுகிறது.

ஒரு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். பதினேழாவது பாரில் விரல் எட்டவில்லை என்றாள். அது வாத்தியம் தனியாக நடக்கிற இடம். அங்கே ஆள்காட்டி விரல் முதல் ஃபிரெட்டில் பேஸ் என்ற கீழ்க்குரல் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, சுண்டுவிரல் ஐந்தாவது ஃபிரெட்டுக்குப் போக வேண்டும். நடுவிலிருக்கும் விரலும் சும்மா இருக்காது.

"பழகு. விரல் தன்னால அகலும்" என்றேன்.

"ஏழு நாளாப் பழகுறேன். பரீட்சப் பேப்பர் திருத்த முடியல, கையி அப்படி வலிக்கிது. ஆறு விரல் இருக்கிறவளுக்கு எழுதியிருக்கியா?"

"நான் மணிக்கட்டுல பட்டை கட்டிக்கிட்டு வாசிக்கிறேன்டி. எனக்கு வருது."

பெருமை அல்ல என்று சொல்ல ஆசை. பெருமைதான். எல்லாவற்றிலும் எனக்கே சந்தேகம் வருகிற இந்த வாழ்க்கையில் ஒரு விஷயத்திலாவது நான் உறுதியாக இருந்தேன். அது இதுவாகத்தான் இருக்க வேண்டுமா? அத்தோடு நிற்கவில்லை. நிரூபிப்பதற்காக மறுநாள் காலை மகள் தூங்கியதும் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, பதினேழாவது பாரை வாசித்து வீடியோ எடுத்து அனுப்பினேன். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்ததால் மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது. மூன்றிலும் சுண்டுவிரல் பூப்போலப் போய் உட்கார்ந்தது.

பதில் ஐந்து நிமிஷத்தில் வந்தது. குரல் செய்தி. முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு:

"ஏ புள்ள. உன் கிட்டாருல மூணாவது ஃபிரெட்டுல கறுப்பா ஒண்ணு மாட்டியிருக்கே, அது என்ன?"

நான் குனிந்து பார்த்தேன்.

அந்த இடத்தில் என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்றும் நினைக்கவில்லை. தொட்டில் நின்றுவிட்டதால் மகள் எழுந்து அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், மாமியாரிடம், "அத்தே, நான் ஒருத்திக்குப் பெரிய அநியாயம் பண்ணிட்டேன்" என்றேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். யார், என்ன என்று கேட்கவில்லை. "பிள்ளைக்குக் கஞ்சி ஆறிப்போச்சு, ஊட்டு மொத" என்றார்.

கணக்குப் படித்தவள் என்பதால் அன்று மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேப்போ இல்லாத கிட்டாரில் முதல் ஃபிரெட்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே பன்னிரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மூன்றில் கேப்போ மாட்டினால் பத்தரைக்குச் சற்று மேல். இரண்டு சென்டிமீட்டர். "பழகு, அகலும்" என்று நான் புத்தி சொன்னது அந்த இரண்டு சென்டிமீட்டருக்கு. பிள்ளைகள் இறங்கிப் பாடவும் இல்லை. நான்தான் மூன்று படி மேலே உட்கார்ந்துகொண்டு அவர்களைக் குறை சொல்லியிருக்கிறேன்.

அவளுக்குக் கோபமே வரவில்லை. அது இன்னும் மோசம்.

"விடு. நானும் கேப்போ மாட்டிக்கிறேன். அம்புட்டுத்தான?"

அவ்வளவுதான் என்று நானும் நம்பினேன். அடுத்த ஒத்திகையில் மாட்டினாள். சுருதி ஏறியதல்லவா, பிள்ளைகளும் அந்த உயரத்தில் பாட வேண்டும். உச்சி வரியில் நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தியதில் பாஸ்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்டாராம். ஆர்கன்காரரும் அங்கேதான் இருந்தார். அவர் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றாள். பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நிகழ்ச்சி நிரலில் 'கிட்டார்' என்று அச்சடித்தாகிவிட்டது.

ஆக கேப்போவைக் கழற்றிவிட்டு, அவள் கை எட்டுகிற மாதிரி நான் எழுத வேண்டும். கழற்றினேன். முதல் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்து அகட்டியதும் மணிக்கட்டில் சுரீர் என்றது. எழுதுகிறவளாலேயே வாசித்துப் பார்க்க முடியாது. யாராவது ஒரு கை வேண்டும்.

மறுநாள் மத்தியானம், கடை அடைத்துவிட்டுச் சாப்பிட்டு எழுந்த கணவரைப் பிடித்து உட்காரவைத்தேன். மடியில் கிட்டார். அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பியில் வைத்தேன். கயிறு இழுத்துத் தடித்த விரல்கள். ஒன்றை வைத்தால் இரண்டு கம்பியை அடைத்துக்கொண்டது.

"இதுக்குத்தான் எம்.எஸ்ஸி. படிச்சியா?" என்றார்.

"கொஞ்சம் அகட்டுங்க."

"அகட்டியாச்சு. இதுக்கு மேல அகட்டுனா அருப்புக்கோட்டையில ஒரு விரலும் பந்தல்குடியில ஒரு விரலுமாத்தான் நிக்கும்."

"என்னங்க, அவளுக்குக் கை உங்களவிடச் சின்னது."

"அப்ப என் கைய வச்சு என்ன பாக்குற?"

நியாயமான கேள்வி. தோழியைக் கையை விரித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். அட்டைப்பெட்டியில் அந்த அளவுக்கு ஒரு கை வெட்டினேன். மாமியார் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணு கழிக்கவா?" என்று கேட்டார். அட்டைக் கையைக் கம்பிமேல் வைத்துப் பார்த்ததில் சந்தேகம் தீர்ந்தது. எப்படி வைத்தாலும் பதினேழாவது பாரில் ஒரே நேரத்தில் ஓடும் மேல், நடு, பேஸ் என்ற மூன்று குரலும் நிற்காது. பேஸ் வேண்டும், அது இல்லாவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும். மேல்குரல் வேண்டும், அதுதான் பிள்ளைகளை அடுத்த வரிக்குக் கைபிடித்து அழைத்துப் போகிறது. நடுக்குரல்தான் போக வேண்டும். பதினேழில் மட்டும் எடுத்தால் நொண்டும். பதினெட்டிலும் எடுக்க வேண்டும். மொத்தம் ஏழு சுரங்கள்.

ஏழையும் எடுத்தேன். சாயங்காலம் இரண்டைத் திரும்ப வைத்தேன். மறுநாள் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு வேறு மூன்றை வைத்தேன். இப்படி நாலு நாள் போயிற்று. நடுக்குரல் என்று ஒன்று இருப்பதே கேட்பவர்களுக்குத் தெரியாது. எழுதியவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவர்களில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தருக்கு மட்டும் காப்பி கொடுக்காமல் அனுப்புகிற மாதிரி இருந்தது. ஐந்தாவது நாள் தோழி கூப்பிட்டாள்.

"எங்கடி பேப்பரு?"

"நடுக்குரல எடுக்கணும். மனசு வரல."

"ஏன்?"

"அவுக எழுதினதுல்ல."

"அவுகன்னா யாரு? செத்து முந்நூறு வருஷம் ஆகப்போற ஆளுக்கு நீ என்ன மருமகளா? ராத்திரிக்கு வந்து, எங்கத்தா என் ஏழு சுரம்னு கேக்கப்போறாரா? நான் உசுரோட இருக்கேன். எனக்கு ஏழு நாள்தான் இருக்கு. எடுத்து அனுப்பு."

போனை வைத்த கையோடு ஏழையும் எடுத்தேன். திரும்ப வாசித்துப் பார்க்காமல் அனுப்பினேன். என் வாழ்க்கையில் சரிபார்க்காமல் நான் அனுப்பிய காகிதம் அது ஒன்றுதான். குறிப்பு என்று ஒரே வரி எழுதினேன்: கேப்போ கிடையாது.

பண்டிகைக்குக் கணவர் கடையை விட்டு வர முடியவில்லை. மாமியார் தானாகவே கிளம்பினார். "பிள்ளைய வச்சுக்கிட்டு நீ பாட்டக் கேப்பியா? நான் வாரேன்" என்றார். மதுரை பஸ்ஸில் காரியாபட்டி தாண்டும் வரை நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: கேப்போ, இரண்டு சென்டிமீட்டர், ஏழு சுரம். கடைசியில் அவர், "அந்தப் பிள்ளை உன்ன வையலயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்ல பிள்ள" என்றார்.

சர்ச்சுக்குள் கரும்பும் வாழைத்தாரும் பூசணிக்காயும் கம்புக் கதிரும் பீடத்துக்கு முன்னால் குவித்து வைத்திருந்தார்கள். விளைந்ததில் முதல் பங்கு. எல்லாம் முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்களாம். மாமியாரின் கண் நேராக ஒரு பூசணிக்காயின் மேல் போய் நின்றது. நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்தோம். தோழி பாடகர் குழுவுக்குப் பக்கத்தில், இடது காலை மணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது கால் சும்மா இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

வாசிக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு கிட்டார் கேட்கவில்லை.

நிஜமாகவே கேட்கவில்லை. நாற்பது தொண்டைக்கு முன்னால் ஆறு நைலான் கம்பி என்ன செய்யும்? ஆறு வாரம் நான் மூளையைக் கசக்கிய அடியோட்டங்கள், பன்னிரண்டாவது பாரின் சுழற்சி, எதுவும் மூன்றாவது வரிசையைக்கூட எட்டவில்லை. வரிக்கும் வரிக்கும் நடுவே, பிள்ளைகள் மூச்சு வாங்கும்போது மட்டும் கிட்டார் திடீரென்று தனியாகக் கேட்கும். பிறகு மறுபடி முங்கிப்போகும். பதினேழாவது பார் அப்படித் தனியாகக் கேட்கிற இடம். அதை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மகள் என் பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதினான்கு. பதினைந்து. பதினாறில் பிள்ளைகள் நிறுத்தினார்கள்.

பேஸ் வந்தது. மேல்குரல் வந்தது. அவசரப்படாமல் வந்தது. கம்பி இரையவில்லை, விரல் தடுக்கவில்லை. பதினெட்டின் கடைசியில் ஒரு கணம் நிறுத்தி, பிள்ளைகளைத் தலையசைத்து அடுத்த வரிக்குள் விட்டாள். ஆர்கன்காரர் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தார். அவர் விட்டத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அழுதேன் என்று எழுதலாம். உண்மையில் அப்போது மகளுக்கு விக்கல் வந்து தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் ஏலம் தொடங்கியிருந்தது. மாமியார் முன்வரிசையில் நின்று கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். தோழி கிட்டாரோடு வந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"அடுத்த மாசம் ரெண்டு பாட்டு குடுத்துருக்காக" என்றாள். "ஆர்கன்காரரே சொன்னாரு. ஆனா மைக்கு வச்சுக்கோம்மான்னாரு."

"பதினேழு சுத்தமா வந்துச்சுடி. நான் எழுதினது அப்படியே கேட்டுச்சு. ஒவ்வொரு சுரமும்."

அவள் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். பதினேழில் ஒன்று, பதினெட்டில் ஒன்று, ஆக இன்னும் இரண்டு சுரங்களைப் பென்சிலால் அடித்திருந்தாள்.

"எப்ப இது?"

"திங்கக்கிழமையே. அந்த ரெண்டும் எனக்கு வரவே இல்ல."

"என்கிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னா நீ பதினோரு தடவ போன் பண்ணுவ."

தாளை வாங்கிப் பார்த்தேன். அடித்திருந்த இரண்டும் மேல்குரலில் இருந்தவை, நடுக்குரல் அல்ல. எந்தக் காதுக்கும் எட்டுகிற இடம். எடுக்கவே முடியாது என்று நான் சத்தியம் செய்திருக்கக்கூடிய இடம். அவை இல்லாமல் கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு சுரமும் என்று சொல்லியிருக்கிறேன். மகளைத் தோழி இடுப்புக்கு மாற்றிவிட்டு, என் பையிலிருந்த பிரதியை எடுத்து, மதில் சுவரில் வைத்து அந்த இரண்டையும் அடித்தேன். பென்சில் இல்லை. பேனாவால்தான் அடித்தேன்.